உறைந்த தோளுக்கு எவ்வளவு விசை? நீரிழிவுள்ள ஒரு சிற்றுண்டிச்சாலைக் கடைக்காரரின் தோள்பட்டை இறுக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் 56 வயதுப் பெண்மணி. சிங்கப்பூரின் வட பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நெடுங்காலமாக உணவுக்கடை நடத்திவருபவர். வலக்கைப் பழக்கம் உள்ளவர். 11 ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். இடத்தோளில் நான்கு மாதங்களாக இருந்த வலிக்காகவும் இறுக்கத்துக்காகவும் பலதுறை மருந்தகத்திலிருந்து இயன்முறைச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய ஒப்புதலோடு இது எழுதப்படுகிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன.

உறைந்த தோள், அதாவது தோள்மூட்டின் உறை சுருங்கி வலியும் இறுக்கமும் உண்டாகும் நிலை, அரிய நோய் அன்று. பொதுமக்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு அது வரக்கூடும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. 40 முதல் 60 வயதுக்கு உட்பட்டவர்களிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் சற்று அதிகமாகக் காணப்படுகிறது. ஆகவே அபூர்வமானது என்பதற்காக இந்த நிகழ்வை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே அசைவு ஒரு கட்டத்தில் நோயை வளர்ப்பதாகவும், சில மாதங்கள் கழித்து அதே தோளுக்கு மருந்தாகவும் அமைவதை இவருடைய சிகிச்சை மிகத் தெளிவாகக் காட்டியது. எவ்வளவு விசையை எப்போது செலுத்துவது என்பதே உறைந்த தோளில் இயன்முறைச் சிகிச்சையாளர் எடுக்கும் முதன்மையான முடிவு என்பது என் கருத்து. எந்தப் பயிற்சி என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

நோய் வரலாறு

அடிபட்டதோ விழுந்ததோ இல்லை. ஏப்ரல் மாத வாக்கில், காலையில் கடைக்குப் பாத்திரங்களை எடுத்து வைக்கும்போது இடத்தோளின் வெளிப்புறத்தில் ஒரு சுரீரென்ற வலி வந்து போயிருக்கிறது. அடுத்த சில வாரங்களில் அது நிலையான வலியாகி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. கடையில் உள்ள குளிரூட்டிக் காற்று தோளில் இறங்கியதால் வந்த வாயுப் பிடிப்பு என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். கோடாலித் தைலமும் சூட்டு ஒத்தடமும் சிறிது ஆறுதல் தந்தன. ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், உறவினர் ஒருவரின் பரிந்துரையின்பேரில் சுளுக்கு எடுப்பவரிடம் சென்றிருக்கிறார். அவர் எண்ணெய் தடவி நீவியதோடு நிற்காமல், கையைத் தலைக்கு மேல் பலமாக இழுத்துவிட்டிருக்கிறார். அன்றிரவிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம் உட்கார்ந்த நிலையிலேயே உறங்க வேண்டியிருந்தது என்றும், அதற்குப் பிறகே கை “பூட்டிக்கொண்டது” என்றும் நோயாளி கூறினார்.

இழுத்ததால்தான் தோள் உறைந்தது என்று சொல்ல முடியாது. நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் அழற்சி உச்சத்தில் இருக்கும் ஒரு மூட்டை வலிய இழுத்தால் என்ன நிகழும் என்பதற்கு அந்த ஒரு வாரம் சான்றாக இருந்தது, அதைப் பின்னர் சிகிச்சைத் திட்டத்தை அவருக்கு விளக்கும்போது பயன்படுத்திக்கொள்ளவும் முடிந்தது.

அன்றாட வாழ்க்கையில் அவரை வருத்தியவை மிகக் குறிப்பானவை. சட்டையைக் கழற்ற முடியவில்லை. உள்ளாடைக் கொக்கியை மகள் மாட்டிவிட வேண்டியிருந்தது. கொண்டை போட முடியவில்லை. கடையின் மேல்தட்டிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறைச் சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழியை இரு கைகளாலும் தூக்கிக் குழாயில் செருகுவதைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டார். “ராத்திரி தூங்க விட்டாப் போதும்மா, கொண்டை எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்பதே முதல் நாளில் அவர் என்னிடம் கேட்டது. சிகிச்சையின் வரிசை எப்படி அமைய வேண்டும் என்பதை அந்த ஒரு வாக்கியமே சொல்லிவிட்டது.

56 வயதில் நீரிழிவோடு உள்ள ஒரு பெண் இடத்தோள் வலி என்று வரும்போது, மூட்டைத் தொடுவதற்கு முன் இதயத்தைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். மாடிப்படி ஏறும்போதோ விரைந்து நடக்கும்போதோ வலி கூடுகிறதா, மூச்சுத் திணறல், வியர்வை, தாடை வலி ஏதேனும் உண்டா என்று விசாரித்ததில் எதுவும் இல்லை; கையை அசைத்தால் மட்டுமே வலி கூடியது. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியனவும் இல்லை. மருந்தகத்தில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானமோ சுண்ணாம்புப் படிவோ எலும்பு விலகலோ காணப்படவில்லை. கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8.4 விழுக்காடாக இருந்தது. தைராய்டுச் சோதனை இயல்பாக இருந்தது. தைராய்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும் தோள் உறைவது அதிகம் என்பதால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பயனுள்ளது.

பரிசோதனை

கழுத்தை எல்லாத் திசைகளிலும் அசைத்துப் பார்த்ததில் தோள் வலி தோன்றவில்லை. கையில் மரத்துப்போதலோ தசை நலிவோ இல்லை. ஆகவே கழுத்து நரம்பிலிருந்து வரும் வலி என்ற ஐயம் விலகியது.

அடுத்துக் கோணமானியால் அளந்தபோது, கையை முன்புறமாகத் தானே தூக்கும் அளவு 95 பாகையாகவும், நான் பிடித்துத் தூக்கும் அளவு 105 பாகையாகவும் இருந்தன. தோள்பட்டை எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தூக்கியபோது 60 பாகையைத் தாண்டவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறம் திருப்பும் வெளிச்சுழற்சி, வலப்பக்கத்தில் 60 பாகை. இடப்பக்கத்தில் நான் திருப்பியும் 15 பாகைதான். கையை முதுகுக்குப் பின் கொண்டுபோகச் சொன்னபோது வலக்கைக் கட்டைவிரல் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை எட்டியது. இடக்கை இடுப்பின் பக்கவாட்டிலேயே நின்றுவிட்டது.

நோயாளி தானே அசைக்கும் அளவும் பிறர் அசைக்கும் அளவும் ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்திருப்பதே இங்கு முக்கியமான தடயம். தசைநாண் கிழிந்த தோளில் நோயாளியால் கையைத் தூக்க முடியாவிட்டாலும் நாம் தூக்கினால் பெரும்பாலும் எழும்; உறைந்த தோளில் யார் தூக்கினாலும் எழாது. வெளிச்சுழற்சி மிக அதிகமாகவும், பக்கவாட்டில் தூக்குவது அதற்கு அடுத்தும், உட்சுழற்சி அவற்றைவிடக் குறைவாகவும் கட்டுப்படும் வரிசையை மூட்டுறை நோயின் அடையாளமாக ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் வகுத்தார். எல்லாத் தோள்களும் அந்த வரிசைக்குக் கட்டுப்படுவதில்லை என்றாலும், வெளிச்சுழற்சி பாதிக்கு மேல் இழக்கப்பட்டு எக்ஸ்ரேயும் இயல்பாக இருந்தால் வேறு நோயைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. விலாவோடு கையை வைத்து எதிர்ப்புக் கொடுத்துச் சோதித்தபோது சுழற்றுத் தசைகளின் வலிமை ஓரளவு காக்கப்பட்டிருந்தது. தோள் முகட்டின் அடியில் தசைநாண் நசுங்குவதைக் கண்டறியும் வழக்கமான சோதனைகளை நான் செய்யவில்லை. இறுகிய தோளில் அவை எல்லாமே வலியைத் தூண்டும் என்பதால் எதையும் பிரித்தறிய அவை உதவுவதில்லை, நோயாளிக்கு வீண் வேதனைதான் மிஞ்சும்.

இன்னொரு சிறு சோதனையும் செய்யப்பட்டது. வணக்கம் சொல்வதுபோல் இரு உள்ளங்கைகளையும் சேர்க்கச் சொன்னபோது, விரல்கள் முழுவதும் ஒட்டாமல் நடுவே இடைவெளி தெரிந்தது. நீரிழிவு கைமூட்டுகளையும் தோலையும் இறுகச் செய்திருப்பதற்கு இது அறிகுறி. கோயிலுக்குப் போகும் ஒருவர் நாள்தோறும் செய்யும் செயலே சோதனையாக அமைவது நமக்கு வசதி; ஆயினும் அந்த இடைவெளியை வயதின் விளைவு என்று அவர் கருதியிருந்தார்.

வலியின் அளவு பத்துக்கு இரவில் 8, ஓய்வில் 4 என்றார். தோள்வலியையும் அதனால் வரும் இயலாமையையும் 13 கேள்விகளால் அளக்கும் ஸ்பாடி வினாத்தாளில் நூற்றுக்கு 74 வந்தது. எண் கூடக்கூடப் பாதிப்பும் கூடுதல் என்று பொருள். அசைவின் இறுதி எல்லையை அடைவதற்கு முன்பே வலி தொடங்கிவிட்டதும், அசைத்த பிறகு அந்த வலி அடங்க நெடுநேரம் ஆனதும், இந்தத் தோள் இன்னும் மிகுந்த எரிச்சல் நிலையில் உள்ளது என்பதைக் காட்டின. சிகிச்சைத் திட்டத்தைத் தீர்மானித்தவை பாகைக் கணக்குகள் அல்ல, இந்த இரண்டு குறிப்புகள்தாம்.

தோளுக்குள் நடப்பது

தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை இயல்பாகத் தளர்வானது. கை தொங்கும்போது அக்குள் பக்கத்தில் மடிந்து கிடந்து, கை உயரும்போது விரிந்து இடம் கொடுப்பது. இந்நோயில் அந்த உறையில் முதலில் அழற்சி தோன்றி, பின்னர் நார்த்திசு படிந்து, உறை தடித்துச் சுருங்குகிறது. குறிப்பாக மூட்டின் முன்மேல் பகுதியிலும், தோள்பட்டை எலும்பின் காக்கையலகு முனையிலிருந்து மேற்கை எலும்புக்குச் செல்லும் பிணையத்திலும் சுருக்கம் மிகுவதால்தான் வெளிச்சுழற்சி முதலில் பறிபோகிறது. கையை முழுமையாகத் தூக்கும் 180 பாகையில் ஏறக்குறைய 120 பாகை தோள்மூட்டிலிருந்தும், 60 பாகை தோள்பட்டை எலும்பு மார்புக்கூட்டின்மேல் நகர்வதிலிருந்தும் வருகின்றன. மூட்டு உறைந்ததும் நோயாளி தோள்பட்டையை முழுவதுமாக மேலே ஏற்றி அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கிறார். கழுத்துத் தசைகள் கல்லாக இறுகுவதற்கு இதுவே காரணம். வலி கழுத்தில் இருக்கிறது என்று கழுத்தையே நீவிக்கொண்டிருப்பவர்களைச் சிராங்கூன் வட்டாரத்திலும் ஈசூனிலும் எத்தனையோ பேரைப் பார்க்கலாம்.

பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934இல் இந்நோய்க்கு உறைந்த தோள் என்று பெயரிட்டார். மூட்டுறையின் மாற்றங்களை நேரில் கண்டு 1945இல் எழுதியவர் ஜூலியஸ் நெவியாசர். வலி மிகும் கட்டம், இறுகி நிற்கும் கட்டம், மெல்ல இளகும் கட்டம் என்று மூன்றாகப் பிரிப்பது இன்றும் வழக்கத்தில் உள்ளது. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் நாளை யாராலும் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. தானாகவே இரண்டு ஆண்டுகளில் முழுமையாகச் சரியாகிவிடும் என்று முன்பு கூறப்பட்டது மிகையான நம்பிக்கை. பல ஆண்டுகளுக்குப் பின்னும் சிறிது வலியும் சிறிது இறுக்கமும் மிஞ்சியிருப்பவர்கள் உண்டு, நீரிழிவு உள்ளவர்களிடம் அது இன்னும் கூடுதல்.

நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்கு உறைந்த தோள் வருவதாகக் கணிக்கப்படுகிறது. இரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரை, மூட்டுறையின் கொலாஜன் நார்களோடு இணைந்து அவற்றுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி நெகிழ்வைக் குறைப்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். சிங்கப்பூரில் சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. இந்தியர்களிடம் சீனர்களைவிட அந்நோய் அதிகம் என்பதும் நாம் அறிந்ததே. நீரிழிவு என்றால் கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது என்னிடம் வரும் தமிழர்கள் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கிறது. தோளையும் அது பிடிக்கும் என்று முன்கூட்டியே கேள்விப்பட்டு வந்தவர் அவர்களில் அரிது.

முதல் கட்டச் சிகிச்சை: விசையைக் குறைத்தல்

தொடக்கத்தில் இலக்கு ஒன்றே ஒன்றாக இருந்தது: இரவு உறக்கம். வலப்பக்கம் படுத்து, மார்போடு அணைத்த தலையணையின்மேல் இடக்கையை வைத்துக்கொள்ளவும், மல்லாந்து படுத்தால் முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு வைத்து மேற்கை பின்னால் சரியாமல் காக்கவும் கற்றுத்தரப்பட்டது. தோளுக்குச் செய்யும் சிகிச்சைகளில் இதைப்போல் மதிப்புக் குறைவாகக் கருதப்படுவதும், இதைப்போல் விரைவில் பலன் தருவதும் வேறொன்று இல்லை. இரண்டு வாரங்களில் இரவு வலி 8இலிருந்து 6ஆகக் குறைந்தது.

பயிற்சிகள் நான்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளப்பட்டன. மேசையில் வலக்கையை ஊன்றிக் குனிந்து, இடக்கையைத் தொங்கவிட்டு உடலின் அசைவால் ஊசலாடவிடுவது முதலாவது. மல்லாந்து படுத்து வலக்கையின் துணையோடு இடக்கையைத் தூக்குவது இரண்டாவது. இரு கைகளாலும் ஒரு குச்சியைப் பிடித்து இடமுன்கையை வெளிப்புறம் தள்ளுவது மூன்றாவது. மேசைமேல் துண்டை விரித்து அதன்மேல் கையை முன்னோக்கி வழுக்கவிடுவது நான்காவது. வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஐந்து வினாடிக்கு மேல் பிடிக்காமல் திரும்பிவிட வேண்டும்; ஒரு நாளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள். பயிற்சி முடிந்த பிறகும் வலி அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட ஒரே விதி. காலை ஆறு மணிக்குக் கடையைத் திறப்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி நேரம் ஒதுக்க முடியாது. மாணவர் இடைவேளைக்கு முன்பும் பின்பும் கடையின் மேசையிலேயே துண்டுப் பயிற்சியைச் செய்துகொண்டார்.

மூட்டைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் இந்தக் கட்டத்தில் மிக மென்மையாகவே நடந்தது. ஆஸ்திரேலியர் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் வகுத்த நான்கு படிகளில், எதிர்ப்பைத் தொடாமல் அமையும் முதலிரண்டு படிகள் மட்டுமே பயன்பட்டன. இறுக்கத்தை அவை தளர்த்துவதில்லை; வலியைத் தணித்துத் தசைகளின் காவலைத் தளர்த்துகின்றன.

இந்த நிதானம் நோயாளிக்கு ஏமாற்றமாக இருந்தது. வீவக அடுக்குமாடிகளின் கீழே உள்ள முதியோர் உடற்பயிற்சி மூலையில் தோள் சுழற்றும் சக்கரம் இருக்கிறதே, அதைத் தினமும் சுற்றினால் விரைவில் இளகாதா என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நெதர்லாந்தில் 77 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வலியைத் தாண்டி வலுவாக இழுத்த குழுவைவிட வலிக்கு உட்பட்டு மெல்ல அசைத்த குழுவே மேலான நிலையை அடைந்ததைக் காட்டியது: இரண்டு ஆண்டுகளின் இறுதியில் மென்சிகிச்சை பெற்றவர்களில் 89 விழுக்காட்டினரும், வலிய சிகிச்சை பெற்றவர்களில் 63 விழுக்காட்டினரும் நல்ல மதிப்பெண்ணை எட்டினர். இவருக்குப் புள்ளிவிவரத்தைவிட ஜூன் மாதத்து அந்த ஒரு வாரத்தை நினைவூட்டியதே போதுமானதாக இருந்தது. சக்கரம் பின்னாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஊசி குறித்த முடிவு

மூன்றாம் வாரத்தில் இரவு வலி 6இலேயே நின்றுவிட்டது. வலி மிகும் கட்டத்தில் மூட்டுக்குள் ஒரு முறை ஸ்டீராய்டு ஊசி செலுத்தி, அதனோடு பயிற்சிகளைச் சேர்த்தால், பயிற்சி மட்டும் செய்வதைவிட முதல் ஆறு வாரங்களில் வலி நன்றாகக் குறைகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் உண்டு. நீரிழிவு உள்ளவருக்கு அதில் ஒரு விலையும் உண்டு: ஊசிக்குப் பின் சில நாள்கள் இரத்தச் சர்க்கரை உயரும். இந்தக் காரணத்தாலேயே ஊசியை முற்றாக மறுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள், சர்க்கரை உயரும் என்று முன்கூட்டிச் சொல்லாமல் ஊசி போடப்பட்டுப் பின்னர் அரண்டுபோய் வருபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தவிர்க்கத்தக்கவை.

மருந்தக மருத்துவருக்குக் கடிதம் எழுதப்பட்டது. 8.4 என்பது சிறந்த கட்டுப்பாடு அன்று என்றாலும் ஊசியைத் தடுக்கும் அளவும் அன்று என்று அவர் முடிவு செய்து, மாத்திரை அளவைச் சீர்செய்து, சத்துணவு ஆலோசகரிடமும் அனுப்பி, செப்டம்பர் மாதத்தில் ஓர் ஊசிக்கு ஏற்பாடு செய்தார். வீட்டில் குளுக்கோமீட்டரால் ஒரு வாரத்துக்கு நாள்தோறும் பலமுறை அளந்து எழுதிவைக்கச் சொல்லப்பட்டது. முதல் மூன்று நாள்களில் அளவு லிட்டருக்கு 15 மில்லிமோல் வரை ஏறி, அந்த வார இறுதிக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. இரவு வலி பத்து நாள்களில் 2ஆகக் குறைந்தது. பயிற்சியைத் தீவிரமாக்குவதற்கான வாய்ப்பு அப்போதுதான் திறந்தது. வலி போய்விட்டதே என்று பலர் பயிற்சியை விட்டுவிடுவதும் அதே நேரத்தில்தான்.

இரண்டாம் கட்டச் சிகிச்சை: விசையைக் கூட்டுதல்

அக்டோபர் தொடக்கத்தில் மறுபடி அளந்தபோது, கையை முன்புறம் தூக்குவது 120 பாகை, வெளிச்சுழற்சி 22 பாகை, ஸ்பாடி 51. வலி பெரிதும் தணிந்தும் அசைவு சிறிதே கூடியிருந்தது. எஞ்சியிருந்தது வலிக்கு அஞ்சித் தசை காக்கும் தடை அன்று, சுருங்கிய உறையின் தடை. அசைவின் எல்லையில் கைக்குத் தட்டுப்பட்ட உணர்வும் மாறியிருந்தது. முன்பு எல்லைக்கு வருமுன்னே நோயாளி கையைப் பிடித்து நிறுத்துவார்; இப்போது எல்லை வரை சென்று, தோல் வாரை இழுத்துப் பிடித்ததுபோன்ற உறுதியான தடையில் நின்றது. விசையைக் கூட்டலாம் என்பதற்கு நான் நம்பும் குறி அதுவே.

மெய்ட்லண்டின் மூன்றாம், நான்காம் படிகள் இப்போது இடம்பெற்றன. வெளிச்சுழற்சியை மீட்க மேற்கை எலும்பின் தலையை எந்தத் திசையில் நகர்த்துவது என்பதில் பாடநூலும் அனுபவமும் முரண்படும் இடம் ஒன்று உண்டு. பந்து வடிவ எலும்புமுனை வெளிப்புறம் சுழலும்போது முன்னோக்கி வழுக்குகிறது, ஆகவே முன்னோக்கித் தள்ள வேண்டும் என்பது பழைய விதி. 2007இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், பின்னோக்கித் தள்ளப்பட்ட குழுவுக்கு வெளிச்சுழற்சி சராசரியாக ஏறக்குறைய 31 பாகையும், முன்னோக்கித் தள்ளப்பட்ட குழுவுக்கு 3 பாகையும் கூடின. ஆய்வில் பங்கேற்றவர்கள் 20 பேர்தான் என்றாலும் வேறுபாடு அலட்சியப்படுத்தக் கூடியது அன்று. இவருக்கும் கையைச் சற்றே விலக்கி, பொறுக்கும் எல்லை வரை வெளிப்புறம் திருப்பி வைத்தபடி, எலும்புத் தலையைப் பின்னோக்கி அழுத்திப் பிடிக்கும் முறையே கையாளப்பட்டது. ஒவ்வொரு முறையும் அமர்வுக்கு முன்னும் பின்னும் கோணம் அளக்கப்பட்டு, அமர்வில் கிடைத்த பாகைகளை வீட்டில் காப்பதற்கான பயிற்சி உடனே கொடுக்கப்பட்டது.

வீட்டுப் பயிற்சிகளில் பிடிக்கும் நேரம் 15 முதல் 30 வினாடியாக உயர்ந்தது. கதவுச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து உடலை மறுபுறம் திருப்புவது வெளிச்சுழற்சிக்கு. முதுகுக்குப் பின் துண்டை இரு கைகளாலும் பிடித்து வலக்கையால் மேலே இழுப்பது உட்சுழற்சிக்கு. தோள்பட்டையை ஏற்றாமல் கையைத் தூக்கப் பழகுவதற்குக் கண்ணாடியின் முன் நின்று செய்யும் பயிற்சியும், ரப்பர்ப் பட்டையால் சுழற்றுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் சேர்ந்தன. ஒத்திவைக்கப்பட்ட உடற்பயிற்சி மூலைச் சக்கரமும் இப்போது அனுமதிக்கப்பட்டது. அதன் அச்சுக்கு நேரே நிற்காமல் சற்று விலகி நின்று, முழங்கையை மடக்காமல் பெரிய வட்டமாகச் சுற்றச் சொல்லப்பட்டது.

நவம்பர் பிற்பகுதியில் பள்ளி விடுமுறை தொடங்கியது இந்தச் சிகிச்சைக்கு வாய்த்த நற்பேறு. கடை மூடியிருந்த ஆறு வாரங்களில் பயிற்சி நாளுக்கு மூன்று முறை ஒழுங்காக நடந்தது. அந்தக் காலத்தில் மட்டும் வெளிச்சுழற்சியில் கிடைத்த முன்னேற்றம் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் கிடைத்ததைவிட அதிகம். மருத்துவ விடுப்பு எடுத்தால் வருமானம் நின்றுபோகும் சொந்தத் தொழிலாளருக்குச் சிகிச்சை அட்டவணையை அவருடைய தொழிலின் நாள்காட்டியோடு பொருத்திப் பார்ப்பது நன்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஜனவரியில் கடை திறந்ததும் வாரம் ஒருமுறை என்றிருந்த வருகை மாதம் ஒருமுறையாகக் குறைக்கப்பட்டது.

வேறு வழிகள்

இறுக்கம் நகரவே இல்லை என்றால் மயக்க மருந்து கொடுத்துத் தோளை அசைத்துவிடுவது, நுண்துளை அறுவையில் மூட்டுறையை விடுவிப்பது, உப்புநீர் செலுத்தி உறையை விரிப்பது ஆகியவை உண்டு. பிரிட்டனில் 503 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான பெரிய ஆய்வு, ஸ்டீராய்டு ஊசியோடு கூடிய ஒழுங்கமைந்த இயன்முறைச் சிகிச்சை, மயக்கநிலை அசைப்பு, நுண்துளை அறுவை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, ஓராண்டு முடிவில் எதுவும் மற்றதைவிட மருத்துவ முக்கியத்துவம் உள்ள அளவுக்கு மேலானதாக இல்லை என்று கண்டது. அறுவையில் கடுமையான பக்கவிளைவுகள் கூடுதலாக இருந்தன. பிசியோதெரபிக்கு இது வெற்றி என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியான வாசிப்பு அன்று: மூன்று குழுக்களிலுமே பெரும்பாலோர் முன்னேறினார்கள் என்பதும், ஆபத்துக் குறைந்த வழியிலிருந்து தொடங்கலாம் என்பதும் மட்டுமே அதிலிருந்து நியாயமாகப் பெறத்தக்கவை. இவருக்கு டிசம்பர் இறுதியில் வெளிச்சுழற்சி 30 பாகையைத் தாண்டாதிருந்தால் எலும்பு மருத்துவரிடம் அனுப்புவது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். அது 38 பாகையை எட்டியதால் தேவைப்படவில்லை.

ஊசி, சர்க்கரைக் கட்டுப்பாடு, பயிற்சி, நோயின் இயல்பான போக்கு ஆகிய நான்கும் ஒரே காலத்தில் நடந்தவை. ஒரே நோயாளியை வைத்து எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. விசையின் அளவை மாற்றியபோதெல்லாம் தோள் எப்படி எதிர்வினை காட்டியது என்பதே இந்த நிகழ்விலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது.

இறுதி மதிப்பீடு

மார்ச் மாதத்தில் செய்த கடைசிப் பரிசோதனையில் கையை முன்புறம் தூக்குவது 155 பாகை, வெளிச்சுழற்சி 45 பாகை. இடக்கைக் கட்டைவிரல் முதுகில் இடுப்பு வாருக்குச் சற்று மேல் வரை எட்டியது. ஸ்பாடி 16. அந்த வினாத்தாளில் 8 முதல் 13 புள்ளி வரை குறைந்தாலே நோயாளியால் உணரத்தக்க மாற்றம் என்று கொள்ளப்படுவதால், 74இலிருந்து 16 என்பது கணிசமான மாற்றம். இரவு வலி இல்லை. கொண்டை போடுகிறார், சட்டையைக் கழற்றுகிறார், மேல்தட்டுப் பாத்திரங்களை எடுக்கிறார். உள்ளாடைக் கொக்கியை இன்னும் முன்புறம் மாட்டித்தான் திருப்பிக்கொள்கிறார். நனைந்த துணியின் கனத்தோடு மூங்கில் கழியைத் தூக்குவது வேண்டாம் என்றும், உலர் அடுக்கில் காயப்போட்டால் போதும் என்றும் சொல்லப்பட்டது. கழியைக் கணவரே தொடர்ந்து பார்த்துக்கொள்வதில் அவருக்கு மறுப்பேதும் இல்லை.

எச்பிஏ1சி 7.3 விழுக்காடாக இறங்கியிருந்தது. ஒரு தோள் உறைந்தவர்களில் சிலருக்குச் சில ஆண்டுகளுக்குள் மற்றத் தோளும் உறைவது உண்டு என்பதும், நீரிழிவில் அந்த வாய்ப்பு கூடுதல் என்பதும் அவருக்கு விளக்கப்பட்டன. வலத்தோளில் இரவு வலி தொடங்கினால் நான்கு மாதம் காத்திராமல் இரண்டு வாரத்துக்குள் மருந்தகத்துக்கு வர வேண்டும், அதுவரை யாரும் கையை இழுக்கக் கூடாது என்ற குறிப்பு அவரிடம் தமிழிலும் மருந்தக மருத்துவரிடம் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்கப்பட்டது. கதவுச் சட்டப் பயிற்சியையும் துண்டுப் பயிற்சியையும் வாரத்தில் மூன்று நாள்கள் வீதம் மேலும் ஆறு மாதங்களுக்குத் தொடரச் சொல்லி, சிகிச்சை நிறைவு செய்யப்பட்டது.